வடகடல் பக்கத்துக் குழாய்

வாயில் குழாய் இருக்கும்போது யாகப்பரிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. ஒரு கை மட்டும் மேலெழும்பி, "பொறுங்கோ" என்பதுபோல விரிந்து நிற்கும். எஞ்சின் மூடியான பொனற் திறந்து கிடக்கும் ஏதாவது டீசல் வாகனத்துக்குள் இடுப்புவரை கவிழ்ந்தபடி, பென்சில் பருமனான கறுத்த றப்பர்க் குழாயின் நுனியை உதட்டில் வைத்து, கன்னங்கள் இரண்டும் குழி விழும்வரை உறிஞ்சுவார். உறிஞ்சி முடிந்ததும் நாக்கு நுனியால் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். குழாய் நாக்கை விடாமல் கவ்விக்கொண்டிருந்தால் ஓட்டை இல்லை. மெல்ல விட்டுவிட்டால் எங்கோ காற்றுப் போகிறது. அதற்குப் பிறகுதான் மனுசன் வாயைத் திறப்பார். "பிடிக்குது" என்பார், இல்லையென்றால் "விடுது" என்பார். வைத்தியம் அதிலிருந்துதான் தொடங்கும்.

பேசாலையிலிருந்து தலைமன்னார் போகும் வீதியில், மணலுக்குள் இரும்புத் தூண் நட்டுத் தகரம் போட்ட கராஜ் அது. பெயர்ப்பலகை கிடையாது. யாகப்பற்றை கராஜ் எங்கே என்று கேட்டால் மன்னார்க் கழுதைகளும் வழி காட்டும். ஐம்பதைத் தாண்டிய, ஒட்டின உடம்புக்காரர். உதட்டைச் சுற்றி எந்த நேரமும் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். சவர்க்காரத்துக்கும் மசியாத வளையம் அது. மனைவி கிறேஸுக்கு ஞாயிறு பூசை முடிந்து வந்தால் இதே கதைதான்.

"சுவாமியார் நற்கருணையைக் கையிலை வைச்சுக்கொண்டு உங்கடை வாயைப் பாத்து யோசிக்கிறாரப்பா, குடுக்கிறதோ விடுறதோ எண்டு."

"டீசல் பட்ட வாய் எண்டு அவருக்குத் தெரியும். பொய் சொன்ன வாயெண்டாத்தான் யோசிக்கவேணும்" என்று சொல்லிவிட்டு மனுசன் சாப்பாட்டுக் கோப்பையை இழுப்பார்.

உறிஞ்சிப் பார்ப்பதற்கு ஒழுங்கான கருவி இல்லாமல் இல்லை. நோர்வேயில் இருக்கிற மைத்துனர், உறிஞ்சுகிற அளவை முள்ளால் காட்டுகிற கைப்பம்ப் ஒன்றை அழகான பெட்டியில் அனுப்பியிருக்கிறார். மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையும் கழற்றப்படவில்லை. ஏன் பாவிக்கவில்லை என்று கேட்டால் யாகப்பருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அதுக்கு நாக்கிருக்கோ? குழாய்க்குள்ளாலை எண்ணெய் ருசி வருதோ, கரி ருசி வருதோ எண்டு அது சொல்லுமோ? என்ரை நாக்குச் சொல்லும்."

பரம்பரையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். தமையன்மார், மச்சான்மார், சித்தப்பன்மார் எல்லோரும் வள்ளக்காரர். இவருக்கு மட்டும் முழங்கால் தண்ணீரைத் தாண்டினால் குடல் வாய்க்கு வந்துவிடும். முதல் தடவை வலைக்குப் போனபோது எடுத்த சத்தியில், மீனுக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு கிடைத்தது என்று தமையன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கரையில் இருந்து வள்ள எஞ்சின் திருத்தப் பழகியவர், அப்படியே தரை வாகனத்துக்கு மாறிவிட்டார்.

கடல் அவரை விட்டாலும் அவர் கடலை விடவில்லை. அவரிடம் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேச்சே இல்லை. மன்னார்த் தீவு நீட்டுத் தீவு. ஒரு பக்கம் வடகடல், மற்றப் பக்கம் தென்கடல். கராஜுக்குள் வருகிற வாகனம் எதுவானாலும் மூக்கைத் தலைமன்னார்ப் பக்கம் வைத்துத்தான் நிற்கவேண்டும் என்பது சட்டம். அப்படி நின்றால் சாரதியின் பக்கம் வடகடல், மற்றது தென்கடல். "வடகடல் பக்கத்து லைற் எரியேல்லை." "தென்கடல் பக்கத்து ரயருக்குக் காத்துக் காணாது." கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற யோகராசா, தன் பிக்கப்பைக் கொண்டுவந்த முதல் நாள் திகைத்துப்போய்விட்டார்.

"எங்கடை பக்கம் கடலே இல்லையே அண்ணை. அப்ப என்ரை பிக்கப்புக்கு ஒரு பக்கமும் இல்லையோ?"

"இந்தத் தகரத்துக்குக் கீழை வந்திட்டா உங்களுக்கும் ரெண்டு கடல் இருக்குது. பயப்பிடாதேங்கோ" என்றார் யாகப்பர்.

மனுசனுக்குத் தீராத பகை ஒன்று உண்டென்றால் அது ஈ.ஜி.ஆர். என்கிற வால்வோடுதான். இந்தக் காலத்து டீசல் எஞ்சின்களில், சைலன்சருக்குப் போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்கே குடிக்கக் கொடுப்பது அதன் வேலை. வெளியே போகிற நஞ்சு அதனால் குறையும். அது உண்மைதான். ஆனால் அந்தப் புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, காற்றுப் போகிற பாதையெல்லாம் தார்போலப் படிந்து எஞ்சினுக்கு மூச்சு முட்டவைப்பதும் உண்மை. "தான் விட்டதைத் தானே குடிக்கிற சீவன் உலகத்திலை வேறை இருக்குதோ? சொல்லுங்கோ பாப்பம்!" என்று வருகிற எல்லாரிடமும் கேட்பார். யாரும் பதில் சொல்வதில்லை. தான் வென்றுவிட்டதாக வைத்துக்கொள்வார்.

அவருடைய வைத்தியம் இரண்டு பூட்டு. பழைய பீப்பாவில் வெட்டிய தகட்டைக் குறுக்கே வைத்துப் புகை வருகிற வாசலை அடைப்பது முதலாவது. இரண்டாவது, வக்கியூம் குழாயை அடைப்பது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சின்னப் பம்ப் ஒன்று காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த இழுவைக்குத்தான் வக்கியூம் என்று பெயர். ஈ.ஜி.ஆர். வால்வைத் திறப்பதும் அந்த இழுவை, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊதி ஏற்றத்தில் பலம் கொடுக்கிற டர்போவைத் தட்டி எழுப்புவதும் அதே இழுவை, பிறேக்கைக் கால் நோகாமல் மிதிக்க வைப்பதும் அதே இழுவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய். இதில் ஈ.ஜி.ஆருக்குப் போகிற குழாய்க்குள், வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைத் திணித்து, திரும்பக் கொழுவிவிடுவார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "மூக்குத்தி குத்தியாச்சு" என்பார். தீவில் ஓடுகிற டர்போ டீசல்களில் பாதிக்காவது யாகப்பரின் மூக்குத்தி இருக்கும்.

ஒரு புதன்கிழமை காலை, எருக்கலம்பிட்டி ஹனிபாவின் கார் கராஜுக்குள் வந்தது. நல்ல யப்பான் கார், டர்போ டீசல். ஹனிபா வாகனம் ஓட்டுகிற வேகத்தில் சைக்கிள்காரர்கள் பக்கத்தில் வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போவார்கள். கார் நிற்க முந்தியே அவருடைய மனைவி உம்மு ஸல்மா இறங்கிவிட்டார். அந்த வீட்டில் வாய் அவருடையது, ஸ்ரேறிங் ஹனிபாவுடையது.

"தம்பி, ஒரு சொல்லுச் சொல்லுங்க. இந்தக் கார் மல ஏறுமா, ஏறாதா?"

"ஏறாமல்? ரெண்டு வருசத்துக்கு முந்தி நான்தானே அக்கா மூக்குத்தி குத்தினனான்."

"உங்கட மூக்குத்தியும் நீங்களும்! மாத்தளைக்கு அங்கால ஏத்தத்தில கழுத மாதிரி நிண்டிட்டுது!"

விசயம் இதுதான். ஒரே மகள் றிஸானாவை மலைநாட்டு அக்குறணையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிள்ளை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது முறை. மாப்பிள்ளையின் தாய்க்கு மருமகளை இவ்வளவு தூரம் அனுப்ப அரைமனசு. தெரியாத சாரதியோடு வாடகை வான் வண்டியில் அனுப்ப மாட்டோம், வாப்பா தன் காரில் வந்து ஆறுதலாகக் கூட்டிக்கொண்டு போவதானால் சரி என்று ஒருவாறு இறங்கி வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் புறப்பட்டுப் போனார்கள். மாத்தளை தாண்டிய மலை வளைவில் கார் கறுப்புக் கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்து, பிறகு அதுவும் இல்லாமல் நின்றுவிட்டது. பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் ஒரு ஊரே நின்று ஹோர்ன் அடித்திருக்கிறது. ஹனிபா எப்படியோ காரைத் திருப்பி வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார். அந்தச் செய்தி அக்குறணைக்கு எட்டியதும் மாப்பிள்ளையின் தாய், "அந்தக் காரிலயா புள்ளத்தாச்சிய ஏத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். டொக்டரும் இந்த வாரத்துக்குப் பிறகு தூரப் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"இந்தக் கிழமைக்குள்ள கூட்டிக்கொண்டு வராட்டி என்ட புள்ள அங்கதான் பெறுவா தம்பி. பக்கத்தில நான் இல்லாம." உம்மு ஸல்மா கைத்தொலைபேசியை எடுத்து மகளின் குரலைப் போட்டுக் காட்டினார். சின்னக் குரல், அழுது முடித்த குரல். "உம்மா, நீங்க வருவீங்கதானே? வாப்பாட கார் சரியாகும்தானே?"

யாகப்பர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கிறேஸ் இதற்காக மடுமாதாவிடம் அழாத அழுகை இல்லை. தாய் வீட்டுக்கு வரக் கேட்டு ஒரு பிள்ளை அழுவதை அவரால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இண்டைக்குப் பின்னேரம் கார் றெடி. விடிய வெளிக்கிடுங்கோ. யாகப்பர் சொன்னாச் சொன்னதுதான்" என்றார்.

கறுப்புப் புகை என்றால் அவருக்கு முதல் எதிரி ஈ.ஜி.ஆர்.தான். தகட்டைக் கழற்றிப் பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. "பாத்தீங்களோ, ஒரு பொட்டுப் புகை போகேல்லை. கைவேலை எண்டா இது" என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அப்படியானால் பழைய கரி எங்கேயாவது அடைத்திருக்கவேண்டும். காற்றுப் பாதையைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, கரண்டிக் காம்பால் சுரண்டினார். கரி வந்தது, ஆனால் ஒரு எஞ்சினின் மூச்சை நிறுத்துகிற அளவுக்கு வரவில்லை. திரும்பப் பூட்டி, பார்த்துவிட்டு வருவோம் என்று பாலத்தடிக்கு வெளிக்கிட்டார்கள்.

மன்னாருக்குள் ஏற்றம் வேண்டுமென்றால், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற தாம்போதிப் பாலத்தடிக்குத்தான் போகவேண்டும். அதை ஏற்றம் என்று சொன்னால் மலைநாட்டார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனாலும் தீவுக்கு வேறு கதி இல்லை. பாலத்தை நெருங்கியதும் யாகப்பர், "இப்ப மிதியுங்கோ நானா" என்றார். முஸ்லிம் அண்ணன்மார் எல்லோரும் அவர் வாயில் நானாதான்.

"மிதிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்" என்றார் ஹனிபா.

யாகப்பர் குனிந்து பார்த்தார். மனுசன் முட்டையை மிதிக்கிறவர்போலக் காலை வைத்திருந்தார். இறங்கச் சொல்லித் தானே சாரதிக் கதிரையில் ஏறி, தரையோடு சேர்த்து மிதித்தார். கார் இருமியது. பின்னால் இரண்டு பக்கத்துக் கடலையும் மறைக்கிற அளவுக்குக் கறுப்புப் புகை எழும்பியது. வீதியோரம் நின்ற கழுதைகள் திரும்பிப் பார்த்துவிட்டு அப்பால் போயின. ஆனால் இழுவை இல்லை. டர்போ எழும்பவே இல்லை. இரண்டு வருசமாகத் தட்டையான தீவுக்குள் இந்தக் கால் இந்தக் காரை ஓட்டியிருக்கிறது. டர்போ செத்துக் கிடந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது!

கராஜுக்குத் திரும்பிவந்து குழாய்களில் வாயை வைத்தார். டர்போவின் தண்டை அசைக்கிற சின்னக் குடுவையில் குழாயைக் கொழுவி உறிஞ்சினார். தண்டு வடிவாக ஏறி இறங்கியது. "பிடிக்குது." எஞ்சினை ஓடவிட்டு, பம்பிலிருந்து வருகிற குழாயில் நாக்கை வைத்தார். வெடுக்கென்று கவ்வியது. "இதுவும் பிடிக்குது." பம்ப் நல்லது, குடுவை நல்லது, ஆனால் இதிலிருந்து அதற்கு இழுவை போய்ச் சேரவில்லை. இடையில் இருந்த குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். முகம் சிவக்க ஊதினார். ஒரு துளி காற்றுப் போகவில்லை. விரலால் நெரித்துக்கொண்டே வந்தவர், நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார். உள்ளே கட்டியாக ஏதோ இருந்தது.

கத்தியால் கீறினார். உள்ளங்கையில் விழுந்தது ஈயக்குண்டு.

யாகப்பரின் காதுமடல் சுட்டது. குனிந்த தலை நிமிரவில்லை.

"என்ன தம்பி அது?" என்று உம்மு ஸல்மா எட்டிப் பார்த்தார்.

ஊத்தை என்று சொல்லியிருக்கலாம். கல் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்! ஆனால் யாகப்பர் கையை நீட்டி விரித்துக் காட்டினார்.

"ஈயக்குண்டு அக்கா. நான் வைச்சது. ஈ.ஜி.ஆர். குழாயிலை வைக்கவேண்டியதை டர்போவின்ரை குழாயிலை வைச்சிட்டன்."

சொன்னாரே தவிர அவராலேயே நம்ப முடியவில்லை. "வடகடல் பக்கத்துக் குழாயிலைதான் வைச்சனான். எனக்கு நல்ல ஞாபகம். எத்தினை காருக்குச் செய்த வேலை, பிழைக்காதே…" என்று குழாய்களையும் வெளியே தெரிந்த கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

காலையிலிருந்து ஒரு சொல்லுக்கு மேல் பேசாத ஹனிபா தொண்டையைச் செருமினார்.

"அண்டைக்கு நான் பின்பக்கமாத்தானே தம்பி காரை விட்டன்."

"பின்பக்கமாவோ?"

"உங்கட அண்ணன்ட வள்ளத்த ரக்ரர்ல ஏத்தி வாசல்ல விட்டிருந்தாங்க. நேரா வர ஏலாமப் போச்சு."

வீட்டுக்குள் இருந்து கிறேஸின் குரல் வந்தது. "ஓம் ஓம்! என்ரை கோழிக்கூட்டை இடிச்சு விழுத்தின நாள்! மறப்பனோ!"

இப்போது யாகப்பருக்கு எல்லாம் துலாம்பரமாகியது. வாடைக்காற்றுத் தொடங்கி, வடகடல் வள்ளங்களைத் தென்கடலுக்கு ஏற்றிப் போகிற நேரம் அது. வழியை வள்ளம் மறித்து நின்றதால் அன்றைக்கு மட்டும் கார் மன்னார்ப் பக்கம் மூக்கை வைத்து நின்றிருக்கிறது. கார் திரும்பி நின்றது. கடல்கள் திரும்பவில்லை. ஈ.ஜி.ஆர். குழாய் இருக்கிற வடகடல் பக்கம் என்று அவர் கை போன இடத்தில் அன்றைக்கு டர்போவின் குழாய் இருந்திருக்கிறது. தகடு தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால் எஞ்சினுக்குள் புகையும் வரவில்லை, சந்தேகமும் வரவில்லை.

உம்மு ஸல்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அப்ப என்ட புள்ளைய விட்டுட்டு வந்தது இந்தக் குண்டாலயா? மூச்ச அடைச்சு வச்சிட்டு ஓடு ஓடு எண்டு சொல்லியிருக்கிறீங்க! நான் அக்குறணைக்காரங்களுக்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எங்கட யாகப்பர் தம்பி பாத்த கார், ஒண்டும் ஆகாது எண்டு சொன்னேன்." ஹனிபாவை நோக்கிக் கையை நீட்டினார். "இந்த மனுசனுக்கு மாத்தளையில இருந்து மன்னார் மட்டும் ஏசிக்கொண்டு வந்தேன். ஓடத் தெரியாது, மிதிக்கத் தெரியாது எண்டு. இவர் ஒரு சொல்லுச் சொல்லல்ல."

சொல்லிவிட்டு ஹனிபாவைப் பார்த்தார். ஹனிபா வீதியில் போன கழுதையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழை என்ரைதான் அக்கா" என்றார் யாகப்பர். வாகனம் திருத்தத் தொடங்கிய காலத்திலிருந்து அந்தக் கராஜுக்குள் கேட்காத சொல் அது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மலை வளைவில், பின்னால் லொறி நிற்க, இந்தக் கார் பின்னோக்கி உருண்டிருந்தால்!

உம்மு ஸல்மா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார். "சரி, எடுத்தாச்சுத்தானே? இனி ஏறும்தானே? நாங்க போகலாமா?"

ஓம் என்று சொல்ல வாய் உன்னியது. வழக்கமாக அந்த நேரம் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு அந்த வாயில் அவருக்கே நம்பிக்கை இல்லாமல் போயிற்று. மாதா படத்தடிக்குப் போய் ஆணியில் தொங்கிய பெட்டியை எடுத்தார். பல்லால் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். கிறேஸ் அகப்பையோடு வாசலுக்கு வந்து, இது கனவோ நனவோ என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

குழாய் குழாயாகக் கைப்பம்பைக் கொழுவினார். டர்போவின் பக்கம் முள் ஏறி நின்றது, அசையவில்லை. பம்பின் பக்கமும் அப்படியே. கடைசியாகப் பிறேக்குக்குப் போகிற தடித்த குழாய். முள் ஏறியது, நின்றது, பிறகு நித்திரைக்குப் போகிற பிள்ளையின் இமைபோல மெல்ல மெல்லக் கீழே வந்தது. அவ்வளவு சின்னக் கசிவை எந்த நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. கிறேஸ் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை காரை நிறுத்தி வைத்துவிட்டு, பிறேக்கை மிதித்துப் பார்த்தார். கல்லை மிதித்தது போலிருந்தது. குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் வளைத்தபோது, இரும்புப் பிடிக்குள் மறைந்திருந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று வாயைத் திறந்தது.

"இதோடை நீங்கள் போகேலாது."

"பிறேக் பிடிக்குதே தம்பி, நான் ஓடிக்கொண்டுதானே இருக்கிறன்" என்றார் ஹனிபா.

"இஞ்சை எத்தினைதரம் பிறேக் மிதிக்கிறீங்கள் நானா? கழுதை குறுக்கை வந்தா ஒருக்கால். ஏறுறதுக்கு டர்போ போதும். வரேக்கை அந்த மலையாலை இறங்கவேணும். வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க இழுவை தீர்ந்துபோம். பின்னுக்குப் பிள்ளையை வைச்சுக்கொண்டு…" உம்மு ஸல்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

பட்டினத்துக் கடைக்கு அழைப்பு எடுத்தார். அந்தக் குழாய் கொழும்பிலிருந்து திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். வள்ளத்து எஞ்சினுக்குப் பெற்றோல் போகிற குழாய் வீட்டுக்கு வீடு கிடக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று உம்மு ஸல்மா கேட்டார். "அது உறிஞ்சினா ஒட்டிப்போம் அக்கா. இதுக்குத் தடிச்ச குழாய் வேணும்" என்றார் யாகப்பர். பிறகு பனையடியில் நின்ற தன் சொந்த வானின் பொனற்றைத் திறந்து, குனிந்து, அதன் பிறேக் குழாயைக் கழற்றத் தொடங்கினார்.

கிறேஸ் அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தார். "ஞாயிற்றுக்கிழமை மடுவுக்குப் போறதெண்டு நேந்து வைச்சிருக்கிறம். இதைக் கழட்டினா எப்பிடிப் போறது?"

"மாதா எங்கையும் ஓடமாட்டா. அந்தப் பிள்ளைக்கு டொக்டர் குடுத்த கிழமை ஓடிப்போடும்."

கிறேஸ் அகப்பையைக் கீழே விட்டார். உம்மு ஸல்மாவின் முகத்தைப் பார்த்தார். "பஸ்ஸிலை போவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னேரம் மறுபடி பாலத்தடி. இந்தத் தடவை ஹனிபாதான் ஓடவேண்டும் என்று யாகப்பர் பிடிவாதமாக நின்றார். "மலையிலை நானோ வந்து மிதிக்கப்போறன்? மிதியுங்கோ, நல்லா மிதியுங்கோ!" ஹனிபா பிஸ்மி சொல்லிக்கொண்டு மிதித்தார். எஞ்சினுக்குள் மெல்லிய விசில் சத்தம் எழும்பியது. கார் அவரைக் கதிரையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு பாலத்தில் பாய்ந்தது. ஹனிபா பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டார்.

"யா அல்லாஹ்! பின்னால ஆர் தள்ளுற?"

"ஆரும் இல்லை நானா. உங்கடை கார்தான்" என்றார் யாகப்பர். பின் கதிரையில் இருந்த உம்மு ஸல்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு பாலத்தின் மறுகரையில் காரைத் திருப்பி, சும்மா சும்மா பிறேக்கை மிதித்து மிதித்துக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கால் மெத்தென்று இறங்கியது.

வியாழன் விடிய, சுபஹு தொழுதுவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். அன்று முழுக்க யாகப்பருக்கு வேலை ஓடவில்லை. யோகராசாவின் பிக்கப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கழற்றின ஆணியைத் தேடுவதும், அது கையிலேயே இருப்பதைக் காண்பதுமாக இருந்தார். "என்னண்ணை, கண்ட கண்ட பக்கமெல்லாம் பாக்கிறியள்? இப்ப எந்தக் கடலிலை நிக்கிறியள்?" என்று யோகராசா நக்கலடித்தார். மத்தியானத்துக்குப் பிறகு கைத்தொலைபேசியில் உம்மு ஸல்மாவின் குரல் வந்தது. "ஏறிட்டம் தம்பி! ஒரு மூச்சில ஏறிட்டம்! லொறியையும் முந்திட்டார்!" ஹனிபா லொறியை முந்தினாரா! அதைக் கேட்டு யோகராசாவும் வாயைப் பிளந்தார். யாகப்பர் சிரிக்கவில்லை. ஏறியதல்ல அவருக்குப் பிரச்சினை.

வெள்ளிக்கிழமை இறங்குகிற நாள். காலையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. இரண்டு தரம் எடுத்துப் பார்த்தார், தொடர்பு கிடைக்கவில்லை. "மலைக்குள்ளை சிக்னல் இராதப்பா" என்றார் கிறேஸ். மத்தியானச் சோறு தொடாமல் கிடந்தது. வீதியில் எந்தக் கார் வந்தாலும் மனுசன் தகரத்துக்கு வெளியே வந்து நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். கிறேஸ் செபமாலையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் குந்திவிட்டார். பின்னேர வெயில் பனைகளுக்குள் சாய்கிற நேரம், பட்டினப் பக்கமிருந்து அந்தக் கார், சைக்கிள் ஒன்றுக்கு வழிவிட்டபடி, ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

வீட்டு வழியைத் தாண்டி நேரே இங்கேதான் வந்திருக்கிறார்கள். ஹனிபா கராஜ் வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். யாகப்பர் வருவதைக் கண்டதும், குழாயைப் பார்க்கத்தான் வருகிறார் என்று, சொல்லாமலே பொனற்றின் பிடியை இழுத்துவிட்டார். பொனற் ஒரு விரல் அளவுக்கு எழும்பி நின்றது. யாகப்பர் கண்ணாடியால் உள்ளே பார்த்தார். பின் கதிரையில், நிறைந்த வயிற்றின் மேல் இரண்டு கையையும் கோத்தபடி, தாயின் தோளில் தலையைப் போட்டு றிஸானா நித்திரையாகிக் கிடந்தாள். மலையையும் காட்டையும் கடந்து வந்த அசதி, வாய் சற்றே திறந்திருந்தது. ஒருபோதும் சும்மா இராத உம்மு ஸல்மா மூச்சுக் காட்டாமல் இருந்தார். கன்னத்தில் கண்ணீர் வடிந்தது, துடைத்தால் தோள் அசையும் என்று அதை விட்டுவிட்டார்.

பொனற் என்றால் உயர்த்திக் கையை விடவேண்டும். தொம்மென்று விழுந்தால்தான் பூட்டும். யாகப்பர் அதை உயர்த்தவில்லை. இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் விரித்து வைத்து, நெஞ்சையும் சேர்த்துச் சாய்த்து, பூட்டு விழுகிற சத்தம் வெளியே கேட்காதபடி மெல்ல, மிக மெல்ல, அமுக்கினார்.